சாரயேவோவைக் கிழக்கிலிருந்து மேற்காக நடந்து பார்ப்பது எப்படி

போஸ்னியா ஹெர்சகோவினாவின் தலைநகரான சாரயேவோவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு செய்திகளை மனத்தில் சுமந்துகொண்டுதான் போகிறார்கள். ஒன்று, 1914-இல் ஆஸ்திரிய இளவரசர் அங்கே சுட்டுக்கொல்லப்பட்டது. மற்றொன்று, 1992-இல் தொடங்கிய போஸ்னியப் போரில் செர்பியப் படைகள் நகரைச் சூழ்ந்து நடத்திய முற்றுகை. நானும் அப்படித்தான் போனேன். விமான நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது என்பதற்காக முதல் வேலையாகப் போர்க்காலச் சுரங்கத்தைப் பார்த்துவிட்டு நகருக்குள் நுழைந்தேன். அதன் விளைவாக, அடுத்த ஒன்றரை நாள் எந்தச் சுவரைக் கண்டாலும் குண்டு பட்ட வடுவையே என் கண் தேடிக்கொண்டிருந்தது. ஐந்நூறு ஆண்டு வயதுள்ள நகரத்தை நான்கு ஆண்டுப் போரின் வழியாக மட்டும் பார்த்துவிட்டு வந்திருப்பேன். நல்லவேளையாக மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டதால் ஒரு காப்பிக்கடையில் அரைநாள் உட்கார நேர்ந்தது, அங்கிருந்து மீண்டும் தொடங்கினேன். ஆகவே இங்கே நான் சொல்லும் வரிசை, நான் போன வரிசைக்கு நேர் எதிரானது.

முதலில் நகரத்தின் கிடப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். மலைகளுக்கு இடையே நீண்டு குறுகிய ஒரு பள்ளத்தாக்கு. அதன் நடுவே மில்யாட்ஸ்கா என்னும் சிறிய ஆறு கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. ஆற்றின் இருபுறமும் சரிவுகள் செங்குத்தாக எழுவதால் நகரம் பக்கவாட்டில் வளர வழியில்லை. அதனால் ஆட்சிக்கு வந்த ஒவ்வொருவரும் முன்னவர் கட்டியதை விட்டுவிட்டு மேற்கே தள்ளித் தங்கள் நகரத்தைக் கட்டினார்கள். கிழக்குக் கோடியில் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் ஒட்டோமான்கள் எழுப்பிய கடைவீதி. அதை அடுத்து 1878-க்குப் பின் வந்த ஆஸ்திரிய ஹங்கேரியர்களின் உயர்ந்த முகப்புக் கட்டடங்கள். அதற்கப்பால் யுகோஸ்லாவியக் காலத்துக் கான்கிரீட் குடியிருப்புகள். கிழக்கில் தொடங்கி மேற்கு நோக்கி நடந்தால் நூற்றாண்டுகளை வரிசை மாறாமல் கடக்கலாம். முக்கியமான பகுதி முழுவதும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் அதை ஒரே நாளில் நடந்து முடித்துவிடாதீர்கள். இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டு, மூன்றாம் நாளை மலைக்கும் சுரங்கத்துக்கும் ஒதுக்குவது நல்லது.

புறப்படும் முன் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா தேவை. பலமுறை நுழையக்கூடிய ஷெங்கன் விசா வைத்திருப்பவர்களுக்குச் சலுகை உண்டு என்றாலும், விதிகள் மாறக்கூடியவை என்பதால் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தைப் பார்த்த பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள். போஸ்னியா ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஷெங்கன் எல்லைக்குள்ளும் இல்லை. ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவோடு வியன்னாவிலிருந்து சாரயேவோவுக்குப் போனால் திரும்ப வியன்னாவுக்குள் நுழைய முடியாது என்பதைப் பலர் எல்லையில் நின்றபோதுதான் உணர்கிறார்கள். நம் நாடுகளிலிருந்து நேரடி விமானம் இல்லை. இஸ்தான்புல் வழியாகப் போவது எளிது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்கிவிடுவதால் புகையும் மூடுபனியும் சேர்ந்து மூச்சை அடைக்கும், விமானங்களும் தடைபடும். மே, ஜூன், செப்டம்பர் ஆகியவை சிறந்த மாதங்கள். ஆகஸ்டில் திரைப்பட விழா நடைபெறும். முற்றுகை முடியாத 1995-இலேயே தொடங்கப்பட்ட விழா அது. அந்த நாள்களில் அறை கிடைப்பது அரிது.

நாணயத்தின் பெயர் மாற்றத்தக்க மார்க். பழைய ஜெர்மன் மார்க்குக்கு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டப்பட்டிருந்தது, இப்போது ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்று நிலையாக இருக்கிறது. ஆகவே விலையைப் பாதியாக்கினால் யூரோக் கணக்கு வந்துவிடும். சிறு கடைகளில் ரொக்கம்தான் செல்லும்.

முதல் நாள் நடையை மஞ்சள் கோட்டையிலிருந்து தொடங்குங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஒரு காவல் மேடை அது. கோட்டை என்ற பெயருக்கு இப்போது ஒரு சுவரும் சில மரங்களும்தான் மிச்சம். ஆனால் நகரத்தின் கிழக்கு விளிம்பில் உயரமாக நிற்பதால் நான் மேலே சொன்ன கிடப்பு முழுவதையும் ஒரே பார்வையில் காட்டிவிடும். ஓட்டுக் கூரைகளும் ஊசி போன்ற மசூதிக் கோபுரங்களும் கீழே, அதற்கப்பால் பச்சையும் சாம்பலுமான குவிமாடங்கள், தொலைவில் கான்கிரீட் அடுக்குகள், இவற்றுக்கு இடையிடையே சரிவுகளில் வெண்பற்கள் போல நெருங்கி நிற்கும் கல்லறைக் கற்கள். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளையை அறிவிக்க இங்கிருந்துதான் பீரங்கி வெடிக்கிறார்கள். பாயும் பண்டமும் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள் மேலேறி வந்து காத்திருக்கும் அந்த மாதத்தில் போக நேர்ந்தால் மாலையில் அங்கே இருங்கள்.

அங்கிருந்து கொவாச்சி கல்லறைத் தோட்டத்தின் வழியாக இறங்கினால் நேராகப் பஷ்சார்ஷியா கடைவீதிக்கு வந்து சேரலாம். கொவாச்சியில் கிடப்பவர்களில் பெரும்பாலோர் முற்றுகையின்போது இறந்த இளைஞர்கள். நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் அலியா இசெத்பெகோவிச்சின் கல்லறையும் அவர்களுக்கு நடுவேதான் இருக்கிறது. சற்று நேரம் நின்றுவிட்டு இறங்குங்கள், புகைப்படம் வேண்டாம். அங்கே நீங்கள் காண்பவர்கள் பொழுது போகாமல் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல, ஒரு கல்லைத் தேடி வந்தவர்கள்.

பஷ்சார்ஷியாவின் நடுவில் புறாக்கள் சூழ நிற்கும் மர மண்டபம் செபில் எனப்படும் தண்ணீர்ப் பந்தல். அதன் குழாயில் தண்ணீர் குடித்தவர் மறுபடியும் வருவார் என்பது ஊர் நம்பிக்கை. இந்தச் சதுக்கத்தில் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டு எல்லாரும் ஒரே திசையில் நகர்கிறார்கள்; நீங்கள் அதற்கு மாறாக, பக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கும் கசன்ஜிலுக் தெருவுக்குள் நுழையுங்கள். செம்புக் கன்னார்களின் தெரு அது. சுத்தியல் ஓசை கேட்கும் கடையில் நின்று பார்த்தால் தட்டின் விளிம்பில் ஒரே அளவாகக் கொத்து விழுவதைக் காணலாம். ஓசையே கேட்காத கடைகளில் விற்பவை பெரும்பாலும் இயந்திரத்தில் அச்சடித்துக் கொண்டுவரப்பட்டவை. காப்பி காய்ச்சும் ஜெஸ்வா என்னும் நீண்ட கைப்பிடிச் செம்புப் பாத்திரத்தை வாங்குவதானால் உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பூச்சு இல்லாதது அலங்காரத்துக்கு மட்டுமே. போரில் வெடித்த குண்டுகளின் உறைகளில் சித்திரம் செதுக்கி விற்கும் பொருள்களும் உண்டு. அவற்றின் அழகைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. ஆனால் துப்பாக்கித் தோட்டாவில் செய்த பேனாவை விமான நிலையச் சோதனையில் எடுத்து வைத்துவிடக்கூடும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இந்தக் கடைவீதியில் நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டியது காப்பி குடிப்பது, அதுவும் அவசரமில்லாமல். செம்புத் தட்டில் ஜெஸ்வா, ஃபில்ஜான் என்னும் காதில்லாத சிறு கிண்ணம், சர்க்கரைக் கட்டிகள், ஒரு துண்டு ராஹத் லோகும் இனிப்பு, ஒரு குவளைத் தண்ணீர் ஆகியவை ஒன்றாக வரும். இதைத் துருக்கிக் காப்பி என்று சொல்லிவிடாதீர்கள், முகம் மாறிவிடும். துருக்கியர் தூளையும் தண்ணீரையும் சேர்த்தே அடுப்பில் ஏற்றுவார்கள். போஸ்னியர் கொதித்த தண்ணீரைத் தூளின்மேல் ஊற்றி மறுபடியும் அடுப்பில் காட்டிப் பொங்கவிடுவார்கள், அதனால் மேலே தடித்த நுரை நிற்கும். அந்த நுரையைக் கரண்டியால் எடுத்துக் கிண்ணத்தில் இட்டுவிட்டுப் பிறகு மெல்ல ஊற்ற வேண்டும். சர்க்கரையைக் கிண்ணத்தில் போட்டுக் கலக்குவதில்லை. கட்டியின் ஒரு முனையைக் காப்பியில் தொட்டு, கடித்து, நாவில் வைத்துக்கொண்டு அதன்மேல் ஒரு மிடறு விடுவார்கள். அடியில் மண்டி தங்கும், அதைக் கலக்காமல் விட்டுவிடுங்கள். ஒரு ஜெஸ்வாவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்து போகச் சொல்லும் முகத்தை நான் எங்கும் பார்க்கவில்லை. நகரத்தாரிடம் பேச்சுக் கொடுப்பதற்கும் இதைவிட ஏற்ற இடம் கிடையாது.

உணவைப் பொறுத்தவரை, இறைச்சி உண்பவர்களுக்குக் கவலையே இல்லை. சோமுன் என்னும் தட்டை ரொட்டிக்குள் சுட்ட செவாபித் துண்டுகளும் நறுக்கிய வெங்காயமும் வைத்துத் தருவதை மோரைப் போன்ற தயிரோடு சாப்பிடுகிறார்கள். கடைவீதியிலுள்ள பல உணவகங்களில் மது கிடைக்காது. சைவ உணவுக்காரர்கள் ஒரு சொல் வேறுபாட்டை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். மெல்லிய மாவுத் தாளுக்குள் பூரணம் வைத்துச் சுடும் புரெக்கை, பால்கனின் மற்ற நகரங்களில் சீஸ் புரெக், கீரை புரெக் என்றெல்லாம் கேட்டு வாங்கலாம். சாரயேவோவில் புரெக் என்றால் இறைச்சி வைத்தது மட்டுமே. பாலாடைக்கட்டி வைத்தது சிர்னிட்சா, கீரை வைத்தது செல்யானிட்சா, உருளைக்கிழங்கு வைத்தது க்ரொம்பிருஷா. எடை போட்டுத்தான் விற்பார்கள். ஒருவருக்குக் கால் கிலோ போதும். இரும்பு மூடியின்மேல் தணலைக் கொட்டி மேலும் கீழுமாக வேகவைக்கும் கடையாகப் பார்த்து நுழையுங்கள், மின்னடுப்பில் செய்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முதல் வாயிலேயே தெரியும். அவரைக்காய் வடிச்சாறு சைவம்போலத் தோன்றினாலும் பெரும்பாலும் உள்ளே இறைச்சி கிடக்கும். "பெஸ் மெசா" என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் என்று பொருள்.

கடைவீதியின் நடுவே 1531-இல் கட்டி முடிக்கப்பட்ட காஸி ஹுஸ்ரெவ் பெக் மசூதி இருக்கிறது. தொழுகை நேரம் தவிர மற்ற வேளைகளில் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். பெண்கள் தலையை மூடத் துணி கொண்டுபோக வேண்டும். மசூதிக்கு அருகிலுள்ள மணிக்கூண்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு உங்கள் கைக்கடிகாரம் பழுதாகிவிட்டதோ என்று ஐயப்படாதீர்கள். லண்டனில் செய்த இயந்திரம் என்றாலும் அது சூரியன் மறையும் நேரத்தைப் பன்னிரண்டாகக் கொண்டு ஓடுகிறது. சூரியன் மறையும் வேளை நாளுக்கு நாள் நகர்வதால் ஒருவர் மேலேறி முள்ளைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. யாரையேனும் அங்கே சந்திப்பதாக ஏற்பாடு செய்தால் எந்தக் கடிகாரப்படி என்று சொல்லிவிடுங்கள். சிறிது தொலைவில், ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்த யூதர்கள் 1581-இல் கட்டிய பழைய தொழுகைக்கூடம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஆற்றங்கரைக்கு வந்தால் கோடு கோடாக வண்ணம் தீட்டிய வியெச்னிட்சா மாளிகை தெரியும். ஆஸ்திரிய ஹங்கேரியர்கள் 1896-இல் நகர்மன்றமாகத் திறந்து, பிற்பாடு தேசிய நூலகமாக மாறி, 1992 ஆகஸ்ட் 25 இரவில் எறிகுண்டுகளால் எரிந்து, நூல்களில் பெரும்பகுதியை இழந்து, 2014-இல் மீண்டும் திறக்கப்பட்ட கட்டடம் இது. உள்ளே போய் வண்ணக் கண்ணாடிக் கூரையின் கீழ் நில்லுங்கள். வெளியே வந்ததும் ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் சின்ன வீட்டையும் பார்க்க மறக்க வேண்டாம். நகர்மன்றம் கட்டுவதற்காகத் தம் வீட்டை இடிக்க ஒப்பாத ஒரு கிழவர், கல்லோடு கல்லாகப் பெயர்த்து அக்கரையில் அப்படியே திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துச் சாதித்துவிட்டார் என்பது கதை. அதன் பெயர் இனாட் குச்சா. இனாட் என்ற சொல்லுக்கு ஆங்கில வழிகாட்டிகளில் பலவிதமாகப் பொருள் எழுதியிருக்கிறார்கள். நம்முடைய "வீம்பு" அளவுக்கு எதுவும் பொருந்தவில்லை. வீம்பு வீடு என்றே நான் அதைச் சொல்லிவருகிறேன். இப்போது உணவகமாக இருக்கிறது.

ஆற்றோரமாகவே மேற்கே நடந்தால் லத்தீன் பாலம். 1914 ஜூன் 28 அன்று காவ்ரிலோ பிரின்சிப் என்னும் பத்தொன்பது வயது இளைஞன் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் சுட்ட மூலை இதுதான். பார்ப்பதற்கு ஒரு சாதாரணத் தெருமுனை, ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஆனால் சுவரிலுள்ள கல்வெட்டின் கதை அந்த ஏமாற்றத்தைப் போக்கிவிடும். 1930-இல் பிரின்சிப்பைப் போற்றி ஒரு பலகை வைத்தார்கள். 1941-இல் நகரைப் பிடித்த ஜெர்மானியர் அதைக் கழற்றி ஹிட்லருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார்கள். 1945-க்குப் பின் யுகோஸ்லாவிய அரசு அவனை மறுபடியும் விடுதலை வீரனாக்கிப் பாலத்துக்கே அவன் பெயரைச் சூட்டியது, அவன் நின்ற இடம் என்று நடைபாதையில் காலடித் தடங்களைப் பதித்தது. 1990-களின் போரில் தடங்களும் போயின, பெயரும் போயிற்று. இப்போதுள்ள பலகை, இந்த இடத்திலிருந்து இன்னார் இன்னாரைச் சுட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. வீரன் என்றோ கொலைகாரன் என்றோ ஒரு சொல் இல்லை. அந்தச் சொல்லைப் பற்றி நகரத்தாரிடம் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை சொல்வார்கள்.

இரண்டாம் நாளை ஃபெர்ஹாதியா தெருவில் தொடங்குங்கள். ஓரிடத்தில் தரையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதன்மேல் நின்று கிழக்கே பார்த்தால் தாழ்ந்த ஓட்டுக் கூரைகள், திரும்பி மேற்கே பார்த்தால் வியன்னாவின் மாடி வீடுகள். சுற்றுலாத் துறையின் வேலைதான் என்றாலும் உண்மையான வேலை. மேற்கே சிறிது தூரம் போனால் 1889-இல் கட்டிய கத்தோலிக்கப் பேராலயம்; அதன் வாசலில் தரையில் சிவப்புப் பிசின் ஊற்றிய ஒரு வடு தெரியும். எறிகுண்டு விழுந்து உயிர்கள் போன இடங்களில் கான்கிரீட்டில் உண்டான பள்ளங்களை இப்படி நிரப்பி, சாரயேவோ ரோஜா என்று அழைக்கிறார்கள். மிதிக்காமல் சுற்றிப் போங்கள். உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் அப்படிச் செய்வதில்லை, ஆனாலும் விருந்தினர்கள் செய்வது முறை. அடுத்த தெருவில் உள்ள மார்காலே சந்தையில் 1994 பிப்ரவரி 5 அன்று ஒரே குண்டில் 68 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் பெயர்கள் சந்தையின் பின்சுவரில் இருக்கின்றன, அதன் முன்னே தக்காளியும் செர்ரியும் விற்கிறார்கள். முற்றுகை 1992 ஏப்ரல் 5 முதல் 1996 பிப்ரவரி 29 வரை 1,425 நாள் நீடித்தது. அது தொடங்கியதன் இருபதாம் ஆண்டு நினைவாக 2012-இல் முதன்மைச் சாலையில் 11,541 சிவப்பு நாற்காலிகளை, இறந்தவருக்கு ஒன்றாக, வெறுமையாக வரிசையிட்டு வைத்தார்கள். அவற்றுள் குழந்தைகளுக்கான சிறு நாற்காலிகளும் இருந்தன.

இரண்டாம் உலகப் போரின் நினைவாக எரியும் அணையா விளக்கைக் கடந்து மரியின் த்வோர் பகுதிக்கு வந்தால், 1984 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி எழுந்த மஞ்சள் நிற விடுதியும், அதற்கு அப்பால் தேசிய அருங்காட்சியகமும் வரும். பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த யூத வழிபாட்டு நூலான சாரயேவோ ஹகாதா இங்கேதான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் கையில் சிக்காமல் அதைக் கடத்திக் காப்பாற்றியவர் தெர்விஷ் கோர்குத் என்னும் இஸ்லாமிய நூலகர். அந்த அறையை எல்லா நாளும் திறந்து வைப்பதில்லை, நேரத்தை முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள வரலாற்று அருங்காட்சியகத்தின் பின்புறம் ஒரு பெரிய தகர டப்பாவின் சிலை நிற்கிறது. முற்றுகைக் காலத்தில் நிவாரணமாக வந்த மாட்டிறைச்சி டப்பா அது. நாய் பூனைகூட முகர்ந்துவிட்டு நகர்ந்தன என்று சொல்வார்கள். சர்வதேசச் சமுதாயத்துக்கு நன்றியுள்ள சாரயேவோ மக்களின் காணிக்கை என்று அடியில் பொறித்து 2007-இல் நிறுவினார்கள். இந்த ஊரின் நகைச்சுவை எப்படிப்பட்டது என்பதை அறிய இந்த ஒன்று போதும்.

மூன்றாம் நாள் காலையில் கம்பி வண்டியில் த்ரெபெவிச் மலைக்கு ஏறுங்கள். 1959-இல் அமைத்து, போரில் அழிந்து, 2018 ஏப்ரல் 6 அன்று திரும்ப ஓடத் தொடங்கிய வண்டி இது. மேலே காட்டுக்குள் ஒலிம்பிக் பனிச்சறுக்கு வண்டிகளுக்காகக் கட்டிய கான்கிரீட் ஓடை பாம்பாகக் கிடக்கிறது. போரின்போது நகரைச் சூழ்ந்தவர்களுக்கு அதுவே அரணாக இருந்தது, இப்போது முழுவதும் வண்ண ஓவியங்கள். அதன்மேலேயே கீழ்நோக்கி நடக்கலாம். ஆனால் பலர் நடந்து பழகிய பாதையை விட்டுக் காட்டுக்குள் விலக வேண்டாம். நாட்டின் மலைகளில் கண்ணிவெடிகள் இன்னும் முழுமையாக அகற்றப்படவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

பிற்பகலில் செபிலுக்கு அருகே மூன்றாம் எண் டிராமைப் பிடித்து மேற்குக் கோடியான இலிஜாவுக்குப் போகலாம். பயணச்சீட்டை ஏறியதும் இயந்திரத்தில் பதிய மறக்காதீர்கள். சோதனையாளர் ஏறினால் வெளிநாட்டார் என்று விடமாட்டார். இலிஜாவிலிருந்து வாடகை வண்டியில் சுரங்க அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். ஐ.நா. படையின் பிடியிலிருந்த விமான ஓடுபாதைக்கு அடியில், 1993-இல், ஏறத்தாழ 800 மீட்டர் நீளத்துக்கு, ஒரு மீட்டர் அகலமே உள்ளதாகத் தோண்டிய சுரங்கம் அது. அரிசியும் ஆயுதமும் காயம்பட்டவர்களும் அதன் வழியாகத்தான் போய்வந்தார்கள். இப்போது சில மீட்டர்கள் மட்டும் திறந்திருக்கின்றன, குனிந்துதான் நடக்க வேண்டும். இரண்டு நாள் நகரத்தில் நடந்து, அதன் காப்பியைக் குடித்து, சந்தையில் பழம் வாங்கிய பிறகு இங்கே வந்தால், எந்த நகரத்தைக் காப்பாற்றுவதற்காக இதைத் தோண்டினார்கள் என்பது தெரிந்திருக்கும். முதல் நாளே வந்த எனக்கு அது தெரியவில்லை. மனம் கனத்தால், மரங்கள் வரிசையாக நிற்கும் நெடிய சாலையில் நடந்து போஸ்னா ஆறு பிறக்கும் ஊற்றுக்குப் போய் உட்காருங்கள். குதிரை வண்டியும் கிடைக்கும்.

நகரத்தாரோடு பழகும்போது ஒன்றைக் கடைப்பிடியுங்கள். நீங்கள் எந்த மதம், போரில் எந்தப் பக்கம் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்கள் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பெயரை வைத்து ஊகிக்கவும் முயலாதீர்கள். கலப்பு மணத்தில் பிறந்து, போஸ்னியாக், செர்பியர், குரோஷியர் என்ற மூன்று கட்டத்தில் எதிலும் தம்மை அடைக்க மறுப்பவர்கள் இங்கே பலர்.

திரும்பும் வழி குறித்து ஓர் எச்சரிக்கை: சாரயேவோவுக்கு இரண்டு பேருந்து நிலையங்கள். பெல்கிரேடுக்குப் போகும் பேருந்துகளில் பல, நகரத்துக்கு வெளியே கிழக்குச் சாரயேவோ என்னும் பகுதியிலிருந்தே புறப்படுகின்றன. சீட்டில் எந்த நிலையம் என்று பார்க்காமல் தொடர்வண்டி நிலையத்துக்குப் பக்கத்திலுள்ளதற்குப் போய் நின்றால் வண்டியைத் தவறவிடுவீர்கள். மோஸ்தாருக்குப் போவதானால் பேருந்தைவிடத் தொடர்வண்டியே மேல். மலைகளைக் குடைந்து நெரெத்வா ஆற்றை ஒட்டிப் போகும் பாதை அது. கையில் மிஞ்சிய மார்க்குகளை நாட்டை விட்டுப் போகும் முன்னரே செலவழித்துவிடுங்கள், எல்லைக்கு அப்பால் அவற்றை மாற்றித் தருபவர்களைக் காண்பது அரிது. நான் அந்தப் பணத்துக்கு அரைக்கிலோ காப்பித்தூள் வாங்கிக்கொண்டேன்.